இரண்டு மதிப்பெண்

பிப்ரவரியில் செத்திருக்க வேண்டாம், அப்பா.
மானிடோபா மண் ஐந்தடி ஆழத்துக்கு இறுகிக் கிடந்தது.
குழி தோண்ட வந்தவன்
வைக்கோலும் கரியும் பரப்பி இரவெல்லாம் மூட்டம் போட்டு
காலையில் கடப்பாரையால் தட்டிப் பார்த்துச் சொன்னான்:
"இன்னும் இளகவில்லை."
உங்களிடம் படித்த யாரோ ஒருவர் சிரித்துவிட்டார்.
பிறகு எல்லோரும்.

வகுப்பில் நீங்கள் மிஸ்டர் டோர்க்ஸன்.
சமையலறை வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதுதான் அப்பா.
இரண்டுக்கும் நடுவே அரை மைல் பனி.
நீங்கள் முன்னால்,
உங்கள் காலடிக் குழிகளில் கால் வைத்து நான் பின்னால்,
இன்னும் யாருடைய மகளாகவும் ஆகாமல்.

கடவுளோடு பேச ஒரு ஜெர்மன்,
மாடுகளோடு பேச ஒரு ஜெர்மன்,
அரசாங்கத்துக்கு ஆங்கிலம்.
உங்களுக்குக் கோபம் வந்தால் அது
மாடுகளின் மொழியில்தான் வரும்.
அன்பும் அதில்தான் வந்தது.
அதற்குள் நான் ஊரைவிட்டுப் போயிருந்தேன்.

ஏழாம் வகுப்பு, வடிவியல்.
எல்லா விடையும் சரி. தொண்ணூற்றெட்டு.
எழுந்து கேட்டேன்: "பிழை எங்கே, சார்?"
"பிழை இல்லை. உட்கார்."
அன்றிரவு உருளைக்கிழங்கு சூப் ஆறி ஏடு கட்டும்வரை
நான் வாய் திறக்கவில்லை.
அம்மா உங்கள் தட்டைப் பார்த்தார், என் தட்டைப் பார்த்தார்,
உப்பை எடுத்துச் சரியாக நடுவில் வைத்தார்.

போருக்குப் போக மாட்டேன் என்றவர் நீங்கள்.
நீதிபதி கேட்டாராம்:
உன் தாயை ஒருவன் வெட்ட வந்தால் என்ன செய்வாய்?
"என்ன சொன்னீர்கள், அப்பா?"
"தெரியாது என்றேன்.
தெரியாது என்றவனை மரம் நட அனுப்பினார்கள்."
மலைச்சரிவில் இரண்டு வருடம்,
நாளுக்கு அரை டாலர்.
திரும்பி வந்தபோது ரயிலடியில்
உங்கள்மேல் காறித் துப்பிய கடைக்காரரின் மகனுக்கு
நீங்களே பின்னம் சொல்லிக்கொடுத்தீர்கள்.
அவனுக்குப் பின்னம் கடைசிவரை வரவில்லை.

ஆராதனையில் வாத்தியம் கிடையாது, எப்போதும்போல.
நான்கு குரல்.
மூன்றாம் வரிசை ஆண்கள் அடிக்குரலைத் தொடங்கினார்கள்;
நீங்கள் நிற்கும் இடத்தில் யாரும் நகர்ந்து நிற்கவில்லை.
பாட்டு அந்த இடத்தில் கொஞ்சம் நொண்டியது.

பிறகு கோயிலின் நிலவறை.
திராட்சை ரொட்டி, சர்க்கரைக் கட்டி, கறுப்புக் காப்பி.
ஐசக் ஷெலன்பெர்க் வந்து எதிரே உட்கார்ந்தார்.
டிராக்டர் கடை வைத்திருக்கிறார்,
விரல் நகங்களில் கழுவினாலும் போகாத எண்ணெய்.
"வடிவியலில் எனக்கு நாற்பத்தெட்டு" என்றார்.
"ஐம்பது இல்லையென்றால் பள்ளிக்கூடம் போதும்,
பீட்ரூட் வயலுக்கு வா என்றிருந்தார் என் அப்பா.
வாத்தியார் இரண்டு போட்டார்.
எங்கிருந்து சார் என்றேன்.
ஒருத்தியிடம் மிச்சம் இருந்தது என்றார்."

சர்க்கரைக் கட்டி என் நாக்கில் கரைந்துகொண்டிருந்தது.
நாற்பத்தைந்து வருடக் கோபம்.
இனி அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.
ஐந்துகூடக் கொடுத்திருப்பேன்.
கேட்டிருக்கலாம், அப்பா.

எல்லோரும் போன நான்காம் நாள்
கொட்டகைக்குப் போனேன்.
குளிரில் எஞ்சின் உறையாமலிருக்க
நீங்கள் இரவில் செருகிவைக்கும் மின்கம்பி
இன்னும் சுவரில் செருகியே இருந்தது.
ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து
பதினேழு இரவு, பதினேழு பகல்,
யாரும் ஓட்டாத காருக்கு மின்சாரம்.
ஒரு விளக்கு வீணாக எரிந்தாலே
மாடியேறி வந்து அணைப்பவர் நீங்கள்.

முன்மூடியில் உள்ளங்கையை வைத்தேன்.
வெதுவெதுப்பாக இருந்தது.
பிடுங்கவில்லை.
கட்டணச் சீட்டு வரட்டும், திட்டுங்கள்,
மாடுகளின் ஜெர்மனில்.